60 டிகிரின்னு காட்டுது... தண்ணி நிஜமா எவ்வளவு சூடு? தோல் ஷாப்பில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

வெயிலுக்குப் பேர் போன ஊர் வேலூர். ஏப்ரல், மே மாசத்தில் 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் இங்கே பெரிய செய்தியே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் தண்ணியை எதுக்கு சூடாக்கணும்?

காரணம் தோல். ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பெல்ட்டில், பதனிட்ட தோலுக்கு சாயம் ஏற்றவும் எண்ணெய் ஏற்றவும் தினமும் சுடுதண்ணி வேணும். பெரிய டேனரிகளில் பாய்லர் இருக்கு, அதைப் பார்த்துக்க ஆளும் இருக்கு. பிரச்னை சின்ன இடங்களில்தான். சாம்பிள் ட்ரம் மட்டும் வெச்சிருப்பவர்கள், ஜாப் ஒர்க் எடுத்து செய்பவர்கள், 100 லிட்டர் டேங்கில் ஹீட்டர் காயிலை இறக்கி வேலை பார்ப்பவர்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிற டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர், 'இதை மாட்டினா ஆள் நின்னு பார்க்க வேண்டாம்' என்று இவர்களைத்தான் இழுக்குது.

மாட்டலாம், தப்பில்லை. ஆனா எப்படி மாட்டுகிறோம் என்பதில் ஒரு லாட் தோலும் இருக்கு, ஒரு உயிரும் இருக்கு. விளக்கமா பார்ப்போம்.

வீடியோவில் வரும் பீர்

இந்தப் பெட்டியை ஹீட்டரோடு இணைப்பது எப்படின்னு யூடியூபில் தேடிப் பாருங்க. வரும் வீடியோக்களில் பல, வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் எடுத்தவை. அமெரிக்காவில் 1978-ல் கொண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு வீட்டுத் தேவைக்கு பீர் தயாரிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்காவே வளர்ந்துடுச்சு. முளைகட்டின பார்லியை 62 முதல் 72 டிகிரி வரை உள்ள தண்ணியில் ஒரு மணி நேரம் வெச்சிருந்தா, அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை சர்க்கரையாக்கும். சூடு ஏறினா நொதி செத்துடும், இறங்கினா வேலை மந்தமாகும். அதனால் ஃபேக்டரிக்காக செய்த கன்ட்ரோலர்களை அவர்கள் வாங்கி வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருத்திக்கிட்டாங்க. எஸ்டிசி-1000, இங்க்பேர்டு, ரெக்ஸ் சி-100 போன்ற பெயர்கள் அந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம்.

நம்ம ஊரில் அந்த வேலையே கூடாது. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம். 'வீட்டுக்கு மட்டும்தான் சார்' என்று சொல்லித் தப்ப முடியாது. இன்னொரு தகவலும் இருக்கு. ராஜாஜி ஆட்சியில் 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939-லேயே எட்டிய மாவட்டங்களில் ஒன்று அன்றைய வட ஆற்காடு. அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம்.

ஆக, பீரை விட்டுடுவோம். வயரிங் பாடத்தை மட்டும் எடுத்துக்குவோம். அதையும் அப்படியே எடுக்க முடியாது என்பதுதான் விஷயமே. அந்த வீடியோவில் இருப்பது காய்ந்த தரையும் குளிர்ந்த அறையும் உள்ள ஒரு வீடு. இங்கே தரை எப்பவும் ஈரம், காற்றில் சல்ஃபைடு வாடை, வெளியே 42 டிகிரி வெயில்.

தோலுக்கு ஏன் இவ்வளவு கணக்கு?

தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதைத் தண்ணியில் வெச்சு சூடாக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்தில் சட்டென்று சுருங்கிடும். அப்புறம் என்ன செய்தாலும் பழைய நிலைக்கு வராது. பச்சைத் தோலுக்கு இந்த எல்லை சுமார் 60 முதல் 65 டிகிரி. சுண்ணாம்பில் ஊறி உப்பியிருக்கும் தோலுக்கு அதைவிடக் குறைவு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருளில் பதனிட்டா 75 முதல் 85 வரை தாங்கும். குரோம் ஏத்தின வெட் ப்ளூ நல்லா பதமாகி இருந்தா 100 டிகிரியையும் தாங்கும். டேனரிகளில் ஒரு துண்டு வெட்டி கொதிக்கிற தண்ணியில் போட்டு சுருங்குதான்னு பார்ப்பாங்களே, அந்த டெஸ்ட் இதுக்குத்தான்.

சாயம், ரீடேனிங், எண்ணெய் ஏற்றுவது எல்லாம் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள் நடக்கும். வெட் ப்ளூவாக இருந்தா 10 டிகிரி கூடினாலும் தோல் சுருங்காது. சாயம் வேகமா ஏறி திட்டுத்திட்டா நிக்கலாம், அவ்வளவுதான். தாவரப் பதனீட்டுத் தோலுக்கு அந்த சலுகை கிடையாது.

இன்னும் கறாரான கட்டம் பேட்டிங். சுண்ணாம்பு நீக்கிய தோலை மெதுவாக்க நொதி போடும் வேலை. ஒரு காலத்தில் இதுக்கு நாய், புறா எச்சத்தைப் பயன்படுத்தினாங்க. ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1907 வாக்கில் கணைய நொதியை வெச்சு அதுக்கு மாற்று கண்டுபிடிச்சு, ஓட்டோ ஹாஸோடு சேர்ந்து ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனியைத் தொடங்கினார். இந்த வேலைக்கு வழக்கமான சூடு 35 முதல் 37 டிகிரி, நம்ம உடம்புச் சூடு. அதைத் தாண்டினா நொதி முதலில் வெறித்தனமா வேலை செய்து தோலின் மேல் பரப்பை அரிக்கும், இன்னும் ஏறினா செத்துப் போகும். பீர்காரருக்கும் டேனரிக்காரருக்கும் ஒரே தலைவலி. ரெண்டு பேரும் நொதியோடு மல்லுக்கட்டுறாங்க.

பெட்டிக்குள் என்ன நடக்குது?

வேலை எளிமையானதுதான். சென்சார் சூட்டை அளக்கும். நீங்க வெச்ச அளவோடு பெட்டி அதை ஒப்பிடும். குறைவா இருந்தா உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் ஹீட்டரை ஆன் பண்ணும்.

60-ல் ஆஃப், 59.9-ல் ஆன் என்று வெச்சா ரிலே நிமிஷத்துக்கு பல தடவை 'டக் டக்'கென்று அடிச்சு சீக்கிரம் தேஞ்சுடும். அதனால் ஒரு இடைவெளி தருவாங்க. 60-ல் ஆஃப் ஆனா, 58-க்கு இறங்கின பிறகுதான் ஆன். இங்கிலீஷில் இதுக்கு ஹிஸ்டெரிசிஸ்னு பேர். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் காந்தப் பாடத்தில் இதே சொல்லை 'தயக்கம்' என்று மொழிபெயர்த்திருப்பாங்க. அருமையான சொல். உடனே மாறிடாம கொஞ்சம் தயங்கி நிக்குது இல்லையா!

அடுத்த ரகம் பிஐடி. இலக்கு நெருங்க நெருங்க ஹீட்டருக்குப் போகும் கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, தாண்டாமல் நிறுத்தப் பார்க்கும். 'பிஐடி இருந்தா சூப்பர்' என்று கடைக்காரர் சொல்லலாம். என் கணக்குப்படி 100 லிட்டர் டேங்க்குக்கு அது ஆடம்பரம். ஒரு யூனிட் கரன்ட் சுமார் 860 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்தும். 3 கிலோவாட் காயில் 100 லிட்டரை ஒரு மணி நேரத்தில் ஏத்துவதே 26 டிகிரிக்குள்தான், அதாவது நிமிஷத்துக்கு அரை டிகிரி கூட இல்லை. இவ்வளவு நிதானமா ஏறும் தண்ணிக்கு சாதாரண ஆன்-ஆஃப் போதும். அதைவிட முக்கியம் தண்ணியைக் கலக்கிவிடுவது. அசையாத டேங்கில் மேலே சுடும், அடியில் குளிரும், சென்சார் எந்த உயரத்தில் தொங்குதோ அந்த உயரத்தின் சூட்டைத்தான் சொல்லும். பீர்காரர்கள் ஒரு சின்ன பம்ப் வெச்சு சுத்த விடுவாங்க. அந்தப் பழக்கத்தை தாராளமா காப்பியடிக்கலாம்.

அதே யூனிட் கணக்கு இன்னொன்றையும் சொல்லுது. 1000 லிட்டரை 30-லிருந்து 60-க்குக் கொண்டு போக 35 யூனிட் வேணும். பெரிய ட்ரம்முக்கு கரன்ட் காயில் கட்டுப்படியாகாது, பாய்லரே சரி.

13 டிகிரி எங்கே போச்சு?

இப்போ முக்கியமான இடம். பெட்டி பொய் சொல்வது பெரும்பாலும் சென்சார் வயரில்தான்.

கே டைப் தெர்மோகப்பிள் என்பது ரெண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனையை ஒண்ணா சேர்த்தது. அது சூட்டை நேரடியா அளக்காது. சூடான முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு குட்டி வோல்டேஜாகத் தரும். மறுமுனை தன்னிடம்தான் இருக்குன்னு நம்பி, பெட்டி தன்னோட சூட்டை அதோடு கூட்டிக் காட்டும்.

வயர் எட்டலைன்னு நடுவில் சாதாரண காப்பர் வயரை ஜாயின்ட் அடிச்சு நீட்டினா என்ன ஆகும்? மறுமுனை இப்போ பெட்டியில் இல்லை, அந்த ஜாயின்ட்டில் இருக்கு. டேங்க் பக்கத்தில் ஜாயின்ட் இருக்கும் இடம் 45 டிகிரி, பெட்டி மாட்டின அறை 32 டிகிரின்னு வெச்சுக்குவோம். தண்ணி நிஜத்தில் 60. கம்பி தருவது 60-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 15. பெட்டி தன்னோட 32-ஐக் கூட்டி 47-னு காட்டும். 'இன்னும் 60 வரலையே' என்று ஹீட்டரை ஓடவிடும். திரையில் 60 வரும்போது தண்ணி 73-ல் இருக்கும்.

73 டிகிரி. தாவரப் பதனீட்டுத் தோல் சுருங்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்தாச்சு. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, வயரை ஆட்டிப் பார்த்தாலும் தெரியாது. இதுக்கு மருந்து, தெர்மோகப்பிளுக்கென்றே விற்கும் நீட்டிப்பு கேபிள். பிளஸ், மைனஸ் மாறாமல் போடணும்.

பிடி-100 சென்சாரில் கதை வேற. அது பூஜ்யம் டிகிரியில் 100 ஓம் மின்தடை உள்ள பிளாட்டினம். டிகிரிக்கு 0.385 ஓம் ஏறும். ரெண்டு வயர் வகையை நீளமா இழுத்து, வயரின் தடையே ஒரு ஓம் வந்துட்டா, பெட்டி இரண்டரை டிகிரிக்கு மேல் கூடுதலா காட்டும். அதனால்தான் மூணு வயர் வகை வருது. மூணாவது வயர் அந்தத் தடையைக் கழிக்கத்தான். 'எக்ஸ்ட்ரா' என்று வெட்டி விட்டுடாதீங்க. சென்சாரை மாத்தினா, பெட்டியின் செட்டிங்கிலும் சென்சார் வகையை மாத்தணும்.

டேங்க் வேற, ட்ரம் வேற

இதை வீடியோக்கள் சொல்லவே சொல்லாது, ஏன்னா அவங்க பாத்திரம் சுத்துவதில்லை. டேனரி ட்ரம் சுத்தும். அதுக்குள் சென்சார் வயரை சும்மா விட முடியாது. வெதுவெதுப்பு தரும் ஜாக்கெட்டோடு வரும் சோதனை ட்ரம்கள் உண்டு, அவை விலை கூட. மத்தவர்கள் டேங்கில் தண்ணியை சூடாக்கி ட்ரம்முக்கு விடுவாங்க. கன்ட்ரோலர் கட்டுப்படுத்துவது டேங்க்கை மட்டும்தான்.

டேனரி பாஷையில் '100 சதவீதம் தண்ணி' என்றால் தோலின் எடைக்கு சமமான தண்ணி. 30 டிகிரியில் இருக்கும் 100 கிலோ ஈரத் தோல், அதில் பாதி தண்ணின்னு வெச்சுக்குவோம். அதில் 60 டிகிரி தண்ணி 100 லிட்டர் விட்டா, கலந்து முடிச்சப்போ சுமார் 48 டிகிரிதான் இருக்கும். ட்ரம்மின் மரம் குடிக்கும் சூடு தனி. ஆக திரையில் 60 பார்த்துட்டு 'சாயம் ஏன் உள்ளே போகலை' என்று கெமிக்கலைத் திட்டுவதில் நியாயம் இல்லை. ஒரு நல்ல கைத் தெர்மாமீட்டர் எடுத்து, ட்ரம்மை நிறுத்தி, உள்ளே இருக்கும் தண்ணியைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. சரிக்கட்ட டேங்க்கை 75-க்கு ஏத்துவதாக இருந்தா, எந்தத் தோல் உள்ளே கிடக்குதுன்னு முதலில் பாருங்க.

10 ஆம்பியர் ரிலே, 13 ஆம்பியர் ஹீட்டர்

எஸ்டிசி-1000 மாதிரி பெட்டிகளில் ரிலே 10 ஆம்பியர் என்று அச்சடிச்சிருக்கும். 230 வோல்ட்டில் அது 2300 வாட். நம்ம 3 கிலோவாட் காயில் 13 ஆம்பியர் இழுக்கும். நேரடியா மாட்டினா சில நாள் ஓடும். ஓடுவதுதான் ஆபத்து, 'நல்லாத்தானே இருக்கு' என்ற நம்பிக்கை வந்துடும். ஒருநாள் ரிலேயின் காண்டாக்ட் சூட்டில் உருகி ஒட்டிக்கும். பெட்டி 'ஆஃப்' என்று காட்டும், ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.

சரியான வழி, பெட்டியின் ரிலே ஒரு கான்டாக்டரை மட்டும் இயக்கணும், ஹீட்டரின் முழு கரன்ட்டும் கான்டாக்டர் வழியாப் போகணும். மோட்டார் ஸ்டார்ட்டரில் 'டப்' என்று இழுக்குமே, அதேதான். எலக்ட்ரீஷியன் யாருக்கும் தெரியாத பொருள் இல்லை.

பிஐடி போட்டவர்கள் எஸ்எஸ்ஆர் என்ற சாலிட் ஸ்டேட் ரிலே பயன்படுத்துவாங்க. சில நொடிக்கு ஒரு தடவை ஆன்-ஆஃப் ஆவதால் சாதாரண ரிலே தாங்காது. ஒரு லட்சம் தடவை அடிக்கும் ரிலே, 4 நொடிக்கு ஒருமுறை அடிச்சா ஐந்து நாளுக்குள் கணக்கு முடிஞ்சுடும். எஸ்எஸ்ஆரில் தேயும் பாகம் இல்லை. ஆனா ஒரு ஆம்பியருக்கு ஒன்று முதல் ஒன்றரை வாட் வரை சூடாகும். 13 ஆம்பியருக்கு 20 வாட் வரை வரும், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. அதன் மேல் எழுதியிருக்கும் 25 ஆம்பியர், 40 ஆம்பியர் எல்லாம் சரியான ஹீட் சிங்க்கோடு, வெளிச்சூடு 40 டிகிரி பக்கம் இருக்கும்போது தரும் கணக்கு. அதுக்கு மேல் ஏற ஏற அது தாங்கும் அளவு இறங்கும். நம்ம மே மாசத்தில் தகர ஷெட்டுக்குள், மூடின பேனல் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. குளிர்நாட்டு வீடியோவில் தாங்கின எஸ்எஸ்ஆர் இங்கே தாங்காமல் போவதுக்கு இதுவே போதும். எஸ்எஸ்ஆர் கெட்டுப் போனா பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும்.

ஒட்டிக்கிட்டா யார் நிறுத்துவாங்க?

உங்க வீட்டு கீசரில் தெர்மோஸ்டாட் தவிர இன்னொரு கட்-அவுட் தனியா இருக்கும். முதல் ஆள் தூங்கினா ரெண்டாவது ஆள் எழுந்து நிறுத்துவார். நீங்களா செய்யும் டேங்க்கில் அந்த ரெண்டாவது ஆளை நீங்கதான் வேலைக்கு வைக்கணும். தனி சென்சாரோடு ஒரு சாதாரண தெர்மோஸ்டாட்டை, வேலை சூட்டைவிட 10 டிகிரி மேலே வெச்சு, கான்டாக்டர் காயிலோடு தொடரில் போடணும். எஸ்எஸ்ஆர் இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு கான்டாக்டர் கட்டாயம், இல்லைன்னா வெட்டுவதுக்கு வழியே இல்லை. தண்ணி மட்டம் இறங்கினா நிறுத்த ஒரு ஃப்ளோட் சுவிட்சும் வேணும். தண்ணியில்லாமல் காயில் ஓடினா எரிஞ்சு போகும், பக்கத்தில் பிளாஸ்டிக் டேங்க் இருந்தா அதுவும் சேர்ந்து எரியும்.

அடுத்தது ஷாக். 'எம்சிபி போட்டிருக்கோம் சார்' என்பதுதான் வழக்கமான பதில். 16 ஆம்பியர் எம்சிபி விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓடணும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். காயிலின் உறை விரிசல் விட்டு தண்ணியில் கரன்ட் கசிஞ்சா, எம்சிபி அசையவே அசையாது. உப்புத் தண்ணி தேங்கின தரையில் நிக்கிறவர் டேங்க்கைத் தொட்டா அவர் வழியாத்தான் அது இறங்கும். இந்த இடத்தில் காப்பாத்துவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. டேங்க் உடம்பு, ட்ரம் ஃப்ரேம், பேனல் மூணுக்கும் எர்த். ஆர்சிசிபி அடிக்கடி விழுதுன்னு அதை பைபாஸ் பண்ணி விடுவது நடக்குது. அது விழுவது தொந்தரவுக்கு இல்லை, கசிவு இருக்குன்னு சொல்லத்தான்.

டேனரிக்கே உரிய ஒரு எதிரியும் உண்டு. முடி நீக்கப் போடும் சோடியம் சல்ஃபைடிலிருந்து வரும் வாயு, வெள்ளி, செம்பு ரெண்டையும் கறுப்பாக்கும். ரிலே காண்டாக்ட் வெள்ளிக் கலவை, வயர் செம்பு. அதனால் பேனலை சுண்ணாம்புக் குழி, பெடல் பக்கமே வைக்காதீங்க. காற்றோட்டமான தனி அறை, மூடின பெட்டி, நல்லா முறுக்கின டெர்மினல். ஆறு மாசத்துக்கு ஒருமுறை திறந்து கறுத்திருக்கான்னு பாருங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டு.

மாட்டி முடிச்சதும் செய்ய வேண்டிய டெஸ்ட்

லாட் தோலைப் போடும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு ஃப்ளாஸ்க்கில் நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் கலந்து சென்சாரை உள்ளே வைங்க. திரையில் பூஜ்யம் காட்டணும், ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். அப்புறம் தளதளன்னு கொதிக்கிற தண்ணியில் வைங்க. ஆம்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம் என்பதால் இங்கே தண்ணி கொதிப்பது 99 டிகிரியில். ரெண்டு இடத்திலும் ஒரே அளவு தள்ளி இருந்தா, பெட்டியில் ஆஃப்செட் என்ற செட்டிங்கில் அதைக் கழிச்சுக்கலாம். ஐஸில் சரியா இருந்து கொதியில் மட்டும் தள்ளினா, சென்சார் வகை செட்டிங்கையோ சென்சாரையோ சந்தேகப்படுங்க. இந்த டெஸ்ட்டை சென்சாரை மட்டும் கழற்றி மேஜையில் வெச்சு செய்யாதீங்க. முழு நீள வயரோடு, பெட்டி மாட்டின இடத்திலேயே, பக்கத்து டேங்க் சூடா இருக்கும்போது செய்யுங்க. அந்த 13 டிகிரி அப்போதான் கையில் மாட்டும்.

கடைசியா ஹீட்டர் ஓடும்போது ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. 'டப்' என்று விழலைன்னா, அதை மாத்தும் வரை அந்த டேங்க்கில் யாரும் கை வைக்கக் கூடாது.